கத்தோலிக்கர் விவிலியம் வாசிக்கத் தொடங்குவது எப்படி?

ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கர் ஒருவர், மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் நான்கு நற்செய்திகளின் பெரும்பகுதியைக் காதால் கேட்டுவிடுகிறார். ஆனால் கேட்டவை துண்டு துண்டாகவே நினைவில் தங்குகின்றன: ஒரு வாரம் உவமை, மறு வாரம் புதுமை, இடையில் பவுலின் திருமுகத்திலிருந்து ஆறேழு வரிகள். அவரே விவிலியத்தைத் திறந்து வாசிக்க முற்பட்டால், தொடக்க நூலில் ஆர்வத்தோடு நுழைந்து, விடுதலைப் பயண நூலின் பிற்பகுதியில் கூடாரத்தின் அளவுகளைக் கடக்க முடியாமல் வேகம் குறைந்து, லேவியர் நூலில் நின்றுவிடுகிறார். அப்படி நின்றுபோனவர்களுக்காகவும், திருமுழுக்குக்காகத் தம்மை ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் பெரியவர்களுக்காகவும் இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படும் வழிமுறைகள் அனைத்தும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை: விவிலியத்தை வசனங்களாகப் பிய்த்தெடுக்காமல் முழு நூல்களாக வாசிக்க வேண்டும்; அந்த வாசிப்பைத் திருஅவையின் வழிபாட்டோடு இணைத்துக்கொள்ள வேண்டும்.

வசனங்களாக வாசிப்பதில் என்ன குறை என்று கேட்பவர்கள் எரேமியா 29:11-ஐ எடுத்துப் பார்க்கலாம். வளமான எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் தரும் திட்டங்களை ஆண்டவர் வகுத்திருப்பதாகச் சொல்லும் இவ்வசனம் நாள்காட்டிகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் இடம்பெறுகிறது. ஆனால் அது பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய மடலின் ஒரு வரி. அதற்கு முந்திய வசனம் எழுபது ஆண்டுகள் நிறைவுற வேண்டும் என்கிறது. இன்னும் சற்று முன்னே, அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் அமைத்து அதன் பலனை உண்ணுங்கள் என்ற கட்டளை வருகிறது. அம்மடலைக் கேட்ட பெரியவர்களுள் பெரும்பாலோர் தம் ஊரை மீண்டும் பார்க்கப்போவதில்லை. முழு அதிகாரத்தையும் வாசித்தவருக்கு அவ்வாக்குறுதி இன்னும் கனமாகவும் இன்னும் உண்மையாகவும் ஒலிக்கும்.

எந்த விவிலியத்தை எடுப்பது

தமிழில் வாசிப்பவர்களுக்கு இது எளிய கேள்வி. கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ 1995-இல் வெளிவந்தது; திண்டிவனத்தில் இயங்கும் தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அதனை வெளியிட்டது. கோவிலில் கேட்கும் மொழியும் வீட்டில் வாசிக்கும் மொழியும் ஒத்திருப்பது தொடக்க நிலையினருக்குப் பெரிய உதவி என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

கத்தோலிக்க விவிலியத்தில் பழைய ஏற்பாட்டு நூல்கள் 46, புதிய ஏற்பாட்டு நூல்கள் 27, ஆக 73 நூல்கள் உள்ளன. சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பதிப்புகளில் 66 நூல்களே இருக்கும். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல் நூல், இரண்டாம் நூல் ஆகிய ஏழும், எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் அவற்றில் இடம்பெறுவதில்லை. நெடுங்காலமாகத் திருஅவை பயன்படுத்திவந்த இந்நூல்களின் இடத்தைத் திரெந்து பொதுச்சங்கம் 1546-இல் உறுதிசெய்தது. திருவிவிலியத்தில் இவை ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்ற தலைப்பில் தனியே தொகுக்கப்பட்டிருப்பதால் பிற்சேர்க்கை என்று எண்ணிக் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யக் கூடாது. இயேசு எருசலேம் கோவிலில் நடந்துகொண்டிருந்தபோது அர்ப்பண விழா நடைபெற்றது, அது குளிர்காலம் என்று யோவான் 10:22 குறிப்பிடுகிறது. அவ்விழா எப்படித் தோன்றியது என்பதை 1 மக்கபேயர் 4-ஆம் அதிகாரத்தில் காணலாம்.

வீட்டில் ‘பரிசுத்த வேதாகமம்’ என்ற பழைய பதிப்பு இருந்தால் அதை ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. ஒப்பிட்டு வாசிக்க அது பயன்படும். நூற்பெயர்கள் மட்டும் மாறியிருக்கும்: தொடக்க நூல் அங்கே ஆதியாகமம், விடுதலைப் பயணம் யாத்திராகமம், திருப்பாடல்கள் சங்கீதம்.

குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

‘மாற் 5:21-43’ என்றால் மாற்கு நற்செய்தி, 5-ஆம் அதிகாரம், 21 முதல் 43 வரையுள்ள வசனங்கள். ‘திபா’ திருப்பாடல்களையும், ‘திப’ திருத்தூதர் பணிகளையும் குறிக்கும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் இல்லை. சுருக்கக் குறியீடுகளின் பட்டியல் விவிலியத்தின் முதற்பக்கங்களில் இருக்கும். பழைய கத்தோலிக்க நூல்களில் திருப்பாடல் எண் ஒன்று குறைவாகக் காணப்பட்டால் அது அச்சுப்பிழை அன்று. கிரேக்க, இலத்தீன் மரபின் எண்வரிசை பெரும்பாலான பாடல்களில் எபிரேய வரிசையைவிட ஒன்று பின்தங்கியிருக்கும். “ஆண்டவரே என் ஆயர்” என்ற 23-ஆம் திருப்பாடல் அங்கே 22.

அதிகார எண்களும் வசன எண்களும் மூல ஆசிரியர்கள் இட்டவை அல்ல. இன்றைய அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்பவரின் முயற்சியால் நிலைபெற்றது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் இராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகரால் இடப்பட்டவை. தேடுவதற்கு உதவும் இந்த எண்கள் சில இடங்களில் பொருளை இரண்டாக வெட்டிவிடுகின்றன. புனித வெள்ளியன்று வாசிக்கப்படும் துன்புறும் ஊழியர் பாடல் எசாயா 52:13-இல் தொடங்கி 53:12-இல் முடிகிறது. 53-ஆம் அதிகாரத்தின் தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்குபவர் பாடலின் முதல் மூன்று வசனங்களை இழக்கிறார். ஆகவே அதிகாரம் முடிந்துவிட்டது என்பதற்காக வாசிப்பை நிறுத்தாமல், பேச்சு முடிந்துவிட்டதா என்று பார்த்து நிறுத்துங்கள்.

முதல் நூல்: மாற்கு

புதியவர் மத்தேயுவிலிருந்தோ தொடக்க நூலிலிருந்தோ தொடங்குவதைவிட மாற்கு நற்செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. நான்கு நற்செய்திகளுள் மிகச் சிறியது அதுவே. பதினாறு அதிகாரங்களையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வாசித்துவிடலாம். முதல் முறை ஒரே அமர்வில், முடியாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு மாலைகளில், அடிக்குறிப்புகளைப் பார்க்காமல் கதையாகவே வாசித்துச் செல்லுங்கள். விளங்காத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போதும்.

இப்படி வாசிக்கும்போது, ஞாயிறு வாசகங்களில் தென்படாத ஓர் அமைப்பு கண்ணில் படும். இயேசு தம் சாவை மூன்று முறை முன்னறிவிக்கிறார் (8:31, 9:31, 10:33-34). ஒவ்வொரு முறையும் சீடர்கள் உடனே தவறாக நடந்துகொள்கிறார்கள். முதல் முறை பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். இரண்டாம் முறை தங்களுள் பெரியவர் யார் என்று வழியில் வாதிடுகிறார்கள். மூன்றாம் முறை செபதேயுவின் மக்கள் வலப்புறமும் இடப்புறமும் இருக்கை கேட்கிறார்கள். இந்தப் பகுதி முழுவதற்கும் முன்னால் ஒரு பார்வையற்றவர் இரண்டு கட்டங்களாகப் பார்வை பெறும் நிகழ்ச்சி (8:22-26). முடிவில் பர்த்திமேயு பார்வை பெற்று இயேசுவைப் பின்தொடரும் நிகழ்ச்சி (10:46-52). பார்வையற்ற இருவருக்கு நடுவே, பார்த்தும் விளங்கிக்கொள்ளாத சீடர்களை மாற்கு நிறுத்தியிருக்கிறார். இதை யாரும் விளக்கிச் சொல்லாமலே, தொடர்ந்து வாசித்தவர் தாமே கண்டுகொள்ள முடியும்.

பாடுகளின் வரலாற்றில் 15:34-ஐ அடையும்போது மட்டும் நின்று, 22-ஆம் திருப்பாடலுக்குச் சென்று அதை முழுமையாக வாசித்துத் திரும்புங்கள். “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று தொடங்கும் அப்பாடல், இனிப் பிறக்கப்போகும் மக்களுக்கும் ஆண்டவரின் நீதி அறிவிக்கப்படும் என்ற உறுதியில் முடிகிறது. குருத்து ஞாயிறன்று நாம் பதிலுரைப் பாடலாகப் பாடுவதும் அதுவே.

ஞாயிறு வாசகங்களை ஆயத்தம் செய்தல்

மாற்கு முடிந்தபின், சனிக்கிழமை மாலைகளில் மறுநாள் வாசகங்களை வாசிக்கும் வழக்கத்தைத் தொடங்கலாம். முதல் ஆண்டில் பெரும்பாலும் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா என்று சுழற்சி அமைந்துள்ளது. மாற்கு சிறியதாகையால் அவ்வாண்டின் பொதுக்காலத்தில் ஐந்து ஞாயிறுகள் யோவான் 6-ஆம் அதிகாரத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. பாஸ்கா காலத்தில் எல்லா ஆண்டுகளிலும் யோவான் மிகுதியாக வருகிறார். வழிபாட்டு ஆண்டு திருவருகைக் காலத்தில் தொடங்கும் என்பதை நினைவில் வைத்து, ஆண்டின் எண் மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அது மூன்றாம் ஆண்டு என்று கண்டுகொள்ளலாம். 2025 அப்படிப்பட்ட ஆண்டு.

பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்துமாறு தெரிந்தெடுக்கப்படுகிறது. இரண்டாம் வாசகமோ ஏதேனும் ஒரு திருமுகத்தை வாரந்தோறும் தொடர்ந்து வாசித்துச் செல்வது. இதை அறியாதவர்கள் மூன்று வாசகங்களையும் ஒரே கருத்தில் கட்ட முயன்று சலித்துப்போகிறார்கள். அந்த முயற்சியைத் தவக்காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. முதல் ஆண்டின் தவக்கால மூன்றாம் ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள்: பாலைநிலத்தில் தாகத்தால் முறுமுறுத்த மக்களுக்குப் பாறையிலிருந்து நீர் வருகிறது (விப 17:3-7), கடவுளின் அன்பு நம் உள்ளங்களில் பொழியப்பட்டுள்ளது என்கிறார் பவுல் (உரோ 5), கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிறார் (யோவா 4). அன்றைய பதிலுரைப் பாடலான 95-ஆம் திருப்பாடலும், மக்கள் அப்படி முறுமுறுத்த இடமாகிய மெரிபாவை நினைவூட்டுகிறது.

ஒரு பகுதியை ஆழ்ந்து கற்றல்

வாசிப்பு பழகியபின், வாரம் ஒரு முறை ஒரே பகுதியை எடுத்து முறையாகக் கற்கலாம். மாற்கு 5:21-43-ஐக் கொண்டு அதைச் செய்து காட்டுகிறேன். விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைத் தொடருங்கள்.

முதலில், பகுதியை இரண்டு முறை வாசித்து, எழுதப்பட்டிருப்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் இப்போது வேண்டாம். தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகும் நிலையில் இருக்கிறாள். இயேசு புறப்படுகிறார். வழியில் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் அவரது மேலுடையைத் தொட்டு நலம்பெறுகிறார். பின்னர்தான் சிறுமியின் கதை தொடர்கிறது. அப்பெண்ணின் நோய்க்குப் பன்னிரண்டு ஆண்டுகள். சிறுமிக்கு வயது பன்னிரண்டு. யாயிருக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு. அப்பெண்ணுக்கு இரண்டும் இல்லை. யாயிர் வெளிப்படையாகக் காலில் விழுந்து கேட்கிறார். அப்பெண் பின்னால் வந்து தொடுகிறார். இயேசு அவரை “மகளே” என்று அழைக்கும்போதே யாயிரின் மகள் இறந்த செய்தி வந்து சேர்கிறது.

அடுத்து, பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ தரப்பட்டிருக்கும் ஒத்த பகுதிகளைத் தேடிச் செல்லுங்கள். லேவியர் 15:25-27-இன்படி நீடித்த இரத்தப்போக்குடைய பெண் தீட்டுள்ளவர். அவர் இருக்கையைத் தொடுபவருக்கும் தீட்டு. எண்ணிக்கை 19:11-இன்படி பிணத்தைத் தொடுபவருக்கு ஏழு நாள் தீட்டு. ஒருவர் இயேசுவைத் தொடுகிறார். மற்றவரின் கையை இயேசு பிடிக்கிறார். இரு இடங்களிலும் தீட்டு அவரைப் பற்றவில்லை. அவரிடமிருந்து நலமும் உயிரும் வெளிப்படுகின்றன. வாசகர்களை விரட்டுகிற லேவியர் நூலுக்கு நாம் திரும்பி வரவேண்டியதன் காரணம் இங்கே விளங்கும்.

மூன்றாவதாக, மற்ற நற்செய்தியாளர்களோடு ஒப்பிடுங்கள் (மத் 9:18-26, லூக் 8:40-56). மத்தேயு மிகவும் சுருக்கிவிடுகிறார். அவரிடம் அந்தத் தலைவர் வரும்போதே மகள் இறந்துவிட்டாள். மருத்துவர் பலரிடம் துன்பப்பட்டு, உள்ளதையெல்லாம் செலவழித்தும் அப்பெண்ணின் நிலை இன்னும் கேடடைந்தது என்று மாற்கு ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். லூக்காவோ எவராலும் குணமாக்க முடியவில்லை என்ற அளவில் மென்மையாக்கிவிடுகிறார். கொலோசையர் 4:14 லூக்காவை மருத்துவர் என்று அழைப்பதை நினைத்துப் புன்னகைக்கலாம். அதற்குமேல் முடிவு எதையும் கட்ட வேண்டாம்.

இறுதியாகத் திருஅவை இப்பகுதியை எப்படிப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். இது இரண்டாம் ஆண்டின் பொதுக்கால 13-ஆம் ஞாயிறு நற்செய்தி. அன்று குறுகிய வாசகமும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதில் இரத்தப்போக்குடைய பெண்ணின் நிகழ்ச்சி முழுவதும் விடுபட்டுவிடும். நேரம் மிச்சமாகும், ஆனால் மாற்கு ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரு கதைகளின் பின்னல் அவிழ்ந்துபோகும்.

இத்தனைக்கும் ஒரு குறிப்பேடு, ஒரு மணி நேரம் ஆகியவையே போதும். விளக்கவுரை நூல்களை இந்த நான்கு வேலைகளும் முடிந்த பிறகே திறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலிலேயே திறந்தால், மற்றவர் கண்டதை மட்டுமே நாம் காண்போம்.

திருஅவையோடு சேர்ந்து வாசித்தல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டின் 12-ஆம் பகுதி, கத்தோலிக்க வாசகருக்குத் தேவையான நெறியை ஒரே பக்கத்தில் தருகிறது. கடவுள் மனிதர் வழியாக, மனித முறையில் பேசியிருப்பதால், அந்த மனித ஆசிரியர் எதைச் சொல்லக் கருதினார் என்று தேட வேண்டும். அதற்கு நூலின் இலக்கிய வகையைக் கவனிக்க வேண்டும். கூடவே, விவிலியம் முழுவதன் ஒருமைப்பாட்டையும், திருஅவையின் உயிருள்ள மரபையும், நம்பிக்கை உண்மைகளுக்கு இடையேயுள்ள இணைவையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இலக்கிய வகை என்பது நடைமுறையில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். தொடக்க நூல் முதல் அதிகாரத்தில் மரஞ்செடிகளும் விலங்குகளும் படைக்கப்பட்ட பிறகே மனிதர் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில் உருவாக்கப்பட்டு, தோட்டமும் விலங்குகளும் பின்னர் வருகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் இதைக் கவனிக்காதவர் அல்லர். படைப்பின் கால அட்டவணையைத் தருவது அவர் நோக்கமாக இருந்திருந்தால் ஒன்றை நீக்கியிருப்பார். நம் மீட்புக்காகக் கடவுள் எழுத்தில் பதிவுசெய்ய விரும்பிய உண்மையை விவிலியம் தவறின்றிக் கற்பிக்கிறது என்று அதே ஏட்டின் 11-ஆம் பகுதி சொல்வதை இவ்விடத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மரபு ஒரு நிகழ்ச்சியை நான்கு நிலைகளில் வாசிக்கப் பழக்குகிறது. செங்கடலைக் கடந்த வரலாறு (விப 14) எகிப்திலிருந்து பெற்ற விடுதலை. 1 கொரிந்தியர் 10:1-2 அதைத் திருமுழுக்கின் முன்னடையாளமாகக் காண்கிறது. அடிமைத்தனத்துக்குத் திரும்ப ஏங்காதே என்பது வாழ்வுக்கான அழைப்பு. வாக்களிக்கப்பட்ட நாடு விண்ணக வாழ்வைச் சுட்டுகிறது. பாஸ்கா திருவிழிப்பில் மற்ற பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்தாலும் இந்த வாசகத்தை மட்டும் விடக் கூடாது என்று விதி இருப்பதன் காரணம் இதுவே. ஆனால் முதல் நிலையாகிய நேர்ப்பொருளில்தான் மற்ற மூன்றும் ஊன்றி நிற்கின்றன. அதைத் தாண்டிக் குதிப்பவர் எந்த வசனத்திலிருந்தும் எதை வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்.

கற்றதைச் செபமாக்குதல்

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கர்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ, வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் அமைதிகொள்ளுதல் என்ற நான்கு படிகளை வகுத்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-இல் வெளியிட்ட ‘ஆண்டவரின் வார்த்தை’ என்னும் ஊக்கவுரையில், இவ்வாசிப்பு செயலில் முடிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மேலே கற்ற பகுதியையே அடுத்த நாள் காலை இம்முறையில் எடுக்கலாம். ஒரு சொற்றொடரில் மனம் நின்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். மீதியை வாசித்து முடிக்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. கற்றலும் செபமும் ஒரே அமர்வில் கலந்தால் தொடக்கத்தில் இரண்டுமே கெடும் என்பதால் இரு வேளைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பழைய ஏற்பாட்டுக்குள் ஒரு பாதை

46 நூல்களையும் வரிசையாக வாசிக்க முயல வேண்டாம். வரலாற்றை நகர்த்திச் செல்லும் நூல்களை முதலில் எடுங்கள்: தொடக்க நூல் முழுவதும், விடுதலைப் பயணத்தில் 1 முதல் 20, பின்னர் 24, 32 முதல் 34 வரை, எண்ணிக்கை 11 முதல் 14 வரை, அதன்பின் சாமுவேல் நூல்கள் இரண்டும், அரசர்கள் நூல்கள் இரண்டும், எஸ்ரா, நெகேமியா, முடிவாக 1 மக்கபேயர். இடையே மூச்சுவாங்க ரூத்து நூலையும் யோனா நூலையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் நான்கு நான்கு அதிகாரங்களே.

சில ஆண்டுகளை மட்டும் அட்டையின் உள்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாவீது ஏறத்தாழ கி.மு. 1000, வட அரசான இஸ்ரயேலின் வீழ்ச்சி 722, எருசலேமின் அழிவு 587, சைரசு அரசரின் ஆணையால் திரும்பி வருதல் 538, மக்கபேயர் கோவிலைத் தூய்மைப்படுத்தியது 164. இறைவாக்கினர் நூல்களைத் திறக்கும்போது இந்த ஆண்டுகளே சாவியாகின்றன: ஆமோசும் ஓசேயாவும் வட அரசு வீழுமுன் அங்கே பேசியவர்கள், எரேமியா எருசலேமின் கடைசி நாள்களில் வாழ்ந்தவர், எசேக்கியேல் பாபிலோனில் இருந்தவர், ஆகாய் திரும்பி வந்தவர்களிடம் பேசியவர்.

யோசுவா நூலில் நகரங்கள் மக்களோடு அழிக்கப்படும் பகுதிகள் உங்களைத் துன்புறுத்தும்; துன்புறுத்தத்தான் வேண்டும். பழைய ஏற்பாட்டில் நிறைவற்றவையும் அந்தந்தக் காலத்துக்கு மட்டும் உரியவையும் உண்டு என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே ஒப்புக்கொள்கிறது. அப்பகுதிகளை மழுப்பி விளக்குவதைவிட, கேள்வியாகக் குறித்துவைத்துப் பங்குத்தந்தையிடமோ விவிலியம் கற்பிப்பவரிடமோ கேட்பது நேர்மையானது. எத்தியோப்பிய அதிகாரியும் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, விளக்குபவர் இல்லாமல் எப்படி விளங்கும் என்று பிலிப்பிடம் கேட்டார் (திப 8:30-31).

பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் கூட்டத்தில் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அங்கே ஒரு சிறு ஒழுங்கு உதவும்: முதல் சுற்றில் ஒவ்வொருவரும் பகுதியில் எழுதப்பட்டிருப்பதை மட்டும் சொல்ல வேண்டும்; ‘எனக்கு இது என்ன சொல்கிறது’ என்பது இரண்டாம் சுற்றுக்கு உரியது. வரிசை மாறினால் கூட்டம் விவிலியத்தை விட்டுவிட்டுக் குடும்பக் கதைகளுக்குள் போய்விடும்.

திருவெளிப்பாடு நூலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுதலைப் பயணத்தின் பத்துக் கொள்ளைநோய்கள், எசேக்கியேல் 1, தானியேல் 7 ஆகியவற்றை வாசித்த பிறகு அதைத் திறந்தால், எக்காளங்களும் கிண்ணங்களும் விலங்குகளும் எங்கிருந்து வந்தன என்று தெரியும். நான்காம், ஐந்தாம் அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள். அரியணையைச் சூழ்ந்து நிற்கும் உயிர்கள் பாடும் “தூயவர், தூயவர், தூயவர்” என்பது எசாயா 6:3-இன் எதிரொலி. திருப்பலியில் நற்கருணை மன்றாட்டின்போது நாம் பாடுவதும் அதுவே. 666 என்ற எண்ணை வைத்து உலக முடிவின் தேதியைக் கணக்கிட்டுத் தருபவர் வீட்டு வாசலுக்கு வந்தால், வாதிடாமல் மாற்கு 13:32-ஐக் காட்டி விடை கொடுங்கள்.